கடைசி செமஸ்டரில் சறுக்கினால் டாக்டர் கனவு போய்விடுமா?

என் தங்கை மகள் மெட்ரிகுலேஷன் முதல் செமஸ்டரில் 4.00 எடுத்ததும், செங்கில் எங்கள் தாமானில் பாதிப் பேர் அவளை "டாக்டரம்மா" என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். தோட்டத்தில் பால்மரம் சீவிப் பிள்ளைகளை வளர்த்த எங்கள் அம்மாவுக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது.

இரண்டாம் செமஸ்டரில் 3.60. கரிம வேதியியல் ஒரு பக்கம் படுத்தியது. பக்கவாதத்தில் விழுந்த பாட்டியைப் பார்க்க வாராவாரம் பஸ் ஏறி வந்துபோன அலைச்சல் இன்னொரு பக்கம்.

"மாமா, ஏன் குறைஞ்சதுன்னு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தா பார்ப்பாங்களா?" என்று கேட்டாள்.

அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்த பிறகே பெரும்பாலோர் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். எந்த ஆண்டு ஏறினாய், எந்த ஆண்டு இறங்கினாய் என்று அங்கே பிரித்துப் பார்ப்பார்கள். காரணம் சொல்லவும் இடமுண்டு. நம் யூ.பி.யூ. முறையில் முதலில் பேசுவது மெரிட் புள்ளி. கல்விக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10. சறுக்கல் முதலில் வந்ததா, கடைசியில் வந்ததா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. பாட்டி படுத்த படுக்கையாகக் கிடந்ததும் தெரியாது.

எனவே அழுகையை நிறுத்தி, காகிதமும் பேனாவும் எடுத்தோம். இரண்டு செமஸ்டருக்கும் பாடச்சுமை சமம் என்று வைத்தால் மொத்தச் சராசரி 3.80. அதை 4-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்கினால் 85.5. முழு 4.00 எடுத்தவருக்கு 90. இடைவெளி நாலரைப் புள்ளி. கேட்பதற்குச் சிறியதுதான். ஆனால் மருத்துவ இடங்களுக்கு 4.00 வாங்கியவர்களே வரிசையில் நிற்கும்போது அது பெரிய பள்ளம். புறப்பாடப் புள்ளி கொஞ்சம் தூக்கிவிடும். எதிரில் நிற்பவரிடமும் அது இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

மெட்ரிகுலேஷனில் இருப்பதே இரண்டு செமஸ்டர். ஒன்றில் சறுக்கினால் பாதிக் கணக்கு ஆட்டம் காணும். எஸ்.டி.பி.எம்.மில் மூன்று செமஸ்டர், மறுதேர்வு எழுதவும் வாய்ப்புண்டு. எஸ்.பி.எம். முடித்த பிள்ளைக்கு வழி தேடும் பெற்றோர் இந்த வேறுபாட்டையும் எடைபோட வேண்டும்.

அந்த வாரம் வீட்டில் நடந்த வாக்குவாதம் சாதாரணமானதல்ல. ஊழியர் சேமநிதியை எடுத்து, மீதிக்குக் கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்த்துவிடலாம் என்றார் மாப்பிள்ளை. 1997-இல் மணிப்பால் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிய கல்லூரி மலாக்காவிலேயே இருக்கிறது. வெளிநாட்டு ஏஜெண்டுகளின் கைப்பேசி எண்களும் வந்து குவிந்தன. தனியார் மருத்துவப் படிப்புக்குச் சில இலட்சம் ரிங்கிட் வேண்டும். வெளிநாடு என்றால், அந்தக் கல்லூரி மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். பட்டம் வாங்கி வந்தாலும், 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்களுக்கு அரசாங்க மருத்துவமனைகளில் ஒப்பந்த வேலைதான். வீட்டை அடமானம் வைக்கும் முன் இதையெல்லாம் தெரிந்துகொள்வது நல்லது.

முடிவைச் சொன்னது அவள்தான். "அப்பா, உங்க முதுமைக் காசுல எனக்கு வெள்ளைக் கோட்டு வேணாம்." பாட விருப்பங்களைத் திருத்தக் கிடைத்த அவகாசத்தில் மருத்துவத்தை முதலில் வைத்தாள், ஃபார்மசியை அடுத்து வைத்தாள். மருத்துவம் கிடைக்கவில்லை. மேல்முறையீடும் செய்து பார்த்தோம், பலனில்லை. இப்போது பினாங்கில் ஃபார்மசி இரண்டாம் ஆண்டு. அம்மாவின் மாத்திரைப் பட்டியலை வாங்கிப் பார்த்து, எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று போனிலேயே சொல்லித் தருகிறாள்.

அவளுக்கு ஏமாற்றம் இல்லை என்று சொல்லமாட்டேன். மருத்துவக் கல்லூரி மாணவர்களைப் பார்க்கும்போது முகம் கொஞ்சம் வாடத்தான் செய்கிறது.

முதல் செமஸ்டர் முடிவைப் பார்த்ததும் பிள்ளைக்குப் பட்டப்பெயர் சூட்டாதீர்கள். இரண்டாம் செமஸ்டர் நடக்கும்போது வீட்டுச் சுமை எதுவாக இருந்தாலும் பெரியவர்கள் பகிர்ந்துகொள்ளுங்கள். அப்படியும் புள்ளி இறங்கினால், அடுத்த விருப்பத்தைப் பிள்ளையே யோசித்து எழுதட்டும். அந்த வரி அவசரத்தில் நிரப்புவதற்கானதல்ல. அவர்கள் வாழப்போகிற வாழ்க்கையாகவே அது அமைந்துவிடலாம்.