அன்னா சாண்டி: தாயும் நீதிபதியும்

இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதியான முதல் பெண் அன்னா சாண்டி. திருவிதாங்கூரின் சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் 1905-இல் பிறந்தார். பின்னாளில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். சட்டப் பட்டம் பெற்றபோது அந்த மாநிலத்தில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் பெண் அவரே. கணவர் பி. சி. சாண்டி காவல்துறை அதிகாரி. ஒரு மகனுக்குத் தாயாக இருந்துகொண்டே கிரிமினல் வழக்குகளில் வாதாடினார்.

‘ஸ்ரீமதி’ என்ற மகளிர் இதழையும் அவர் தொடங்கி நடத்தினார். பெண்கள் அரசு வேலைக்கு வந்தால் இல்வாழ்க்கை குலையும் என்று பேசியவர்களுக்குப் பொதுமேடையில் பதில் சொன்னார். தன் உடல்மீது பெண்ணுக்கு உள்ள உரிமை, கருத்தடை பற்றிய அறிவு ஆகியவற்றை 1930-களிலேயே வெளிப்படையாகப் பேசினார். பக்தியுள்ள கிறிஸ்தவப் பெண் ஒருவர் அந்தக் காலத்தில் இதைச் சொன்னது எளிய காரியமல்ல. அவருடைய துணிவின் முழு அளவு இங்கேதான் தெரிகிறது.

திருவிதாங்கூரின் சட்டமன்றமான ஸ்ரீமூலம் சபைக்கான 1931 தேர்தலில் தோற்றார். அடுத்த முறை வென்று அந்தச் சபைக்குச் சென்றார். 1937-இல் திருவிதாங்கூர் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் அவரை முன்சீஃப் (கீழமை நீதிமன்ற நீதிபதி) ஆக்கினார். 1948-இல் மாவட்ட நீதிபதி. 1959 பிப்ரவரி 9 அன்று கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் வந்தது 1965-இல்தான்.

1967-இல் ஓய்வு பெற்றபின் தேசியச் சட்ட ஆணையத்தில் பணியாற்றினார். 1973-இல் தன்வரலாறு வெளிவந்தது. 1996-இல், 91 வயதில், காலமானார்.