அரிசித் தட்டில் எந்தக் கை?

போன நவராத்திரிக்கு எங்களில் நாலு பேர் ஊரில் உள்ள ஒரு முன்பள்ளிக்கு ஒன்பது நாளும் போய்வந்தோம். 17 பிள்ளைகள், ஒரே ஒரு ரீச்சர். வாணி விழாச் சோடினையும் அவதான் பார்க்க வேணும், விஜயதசமிக்கு ஏடு தொடக்கிற பிள்ளைகளையும் அவதான் ஆயத்தப்படுத்த வேணும். “காலமையில வந்து கொஞ்சம் கைகொடுங்கோவன்” எண்டு கேட்டா. படிச்ச பிள்ளைகள்தானே நாங்கள், நாலு வயதுக்காரரைச் சமாளிக்கத் தெரியாதோ எண்ட நினைப்பில் போனோம்.

முதல் நாளே பிழைச்சுது. இணையத்தில் தேடினால் ஒக்ரோபர் மாதத்துக்கு எண்டு கிடைக்கிறதெல்லாம் இலையுதிர்காலப் படங்கள்தான். செம்மஞ்சள் இலை, பூசணிக்காய், குளிர்த்தொப்பி போட்ட அணில். அதைத்தான் அச்செடுத்துக்கொண்டு போயிருந்தோம். மேப்பிள் இலையைக் காட்டி “இது என்ன இலை?” எண்டு கேட்டோம். “பப்பாசி இலை!” எண்டு ஒரு பிள்ளை கத்தினாள். “தண்ணி ஊத்தாமப் பழுத்துப் போச்சு” எண்டாள் மற்றவள். வெளியில் மாரிமழை தொடங்கி, முற்றம் முழுக்கப் பச்சை. எங்கட பிள்ளைகளுக்கு இலையுதிர்காலம் எண்டால் என்ன எண்டு தெரியாது. அதுக்கு அவர்களைப் பிழை சொல்ல ஏலுமோ?

அடுத்த நாள் தாள்களை வீட்டில் வைச்சிட்டு முற்றத்தில் இறங்கினோம். இலைக்கு மேல் வெள்ளைத்தாளை வைச்சு, மெழுகுக் கலரைச் சரிச்சுப் பிடிச்சுத் தேய்க்க, நரம்பு நரம்பாய் இலை வந்து நிண்டுது. மாவிலைக்கு ‘மா’, பூவரசுக்கு ‘பூ’, வேப்பிலைக்கு ‘வே’. எழுதச் சொல்லேல்லை, முதற் சத்தத்தை மட்டும் வாயால் பிடிக்கச் சொன்னோம். “மாமாவிலயும் மா இருக்கு” எண்டு ஒருத்தன் கண்டுபிடிச்சது அந்த நாளின் பெரிய சந்தோசம். பிறகு குருத்தோலை கிழிச்சுத் தோரணம், களிமண்ணில் குட்டிக் கும்பம். விளையாட்டு மாதிரித்தான் தெரியும். ஆனால் கிழிச்சு, மடிச்சு, உருட்டி விரலுக்குப் பலம் வந்தால்தான் பிறகு பென்சில் பிடிக்க ஏலும்.

ரீச்சர் இன்னொன்றும் சொல்லித்தந்தா. ஏடு தொடக்கேக்க முதலில் எழுதுவது ‘அ’. ஆனால் பிஞ்சு விரலுக்கு அது லேசான எழுத்தில்லை. சுழி வேணும், வளைவு வேணும், கோடும் வேணும். ‘ட’ எண்டால் இரண்டு கோட்டோடு முடிஞ்சுது. அதனால் அவ அரிசித் தட்டில் கோடு, பிறகு ‘ட’, பிறகு ‘ப’ எண்டுதான் பழக்குவா. தமிழில் 247 எழுத்து இருக்கு, ஆறுதலாய் வரட்டும் எண்டு சிரிப்பா.

இந்த அரிசித் தட்டில்தான் நாங்கள் பெரிய பிழை ஒன்றைச் செய்தோம்.

ஒரு சின்னவன் இருந்தான். எல்லாரையும் விட வடிவாய்க் களிமண் உருட்டுவான், எல்லாம் இடக்கையால். கூட்டிவாற அம்மம்மா எங்களிட்டச் சொன்னா: “ஐயர் வலக்கையைத்தான் பிடிப்பார். அதுக்குள்ள பழக்கிவிடுங்கோ பிள்ளையள்.” நாங்களும் தலையாட்டினோம். அவன் இடது விரலை அரிசியில் வைக்கிற நேரமெல்லாம் மெல்லமாய் எடுத்து மற்றக் கையை வைச்சோம். அடிக்கேல்லை, ஏசேல்லை, சிரிச்சுக்கொண்டுதான் செய்தோம். மூன்றாம் நாள் அவன் தட்டுக்குக் கிட்ட வரேல்லை. இடக்கையைத் தொடைக்குக் கீழே வைச்சு, அதுக்கு மேல் இருந்துகொண்டு கேட்டான்: “இது கூடாத கையோ?”

எங்களுக்கு ஒரு பதிலும் வரேல்லை.

அண்டைக்குப் பின்னேரம்தான் எங்களில் ஒருத்தர் வாய்திறந்தார். முதலாம் ஆண்டில் இடக்கையால் எழுதினதுக்கு அடிமட்டத்தால் மொழியில் அடி வாங்கினவராம். இண்டைக்கும் வலக்கையால்தான் எழுதுகிறார், ஆனால் வெங்காயம் வெட்டுவது இடக்கையால். “இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?” எண்டு கேட்டோம். “சொல்லக்கூடிய விசயம் எண்டு நினைக்கேல்லை” எண்டார்.

உலகத்தில் பத்துப் பேருக்கு ஒருவர் அளவில் இடக்கைக்காரர்தான். அது பழக்கதோசமும் இல்லை, வருத்தமும் இல்லை. தாளைக் கொஞ்சம் வலப்பக்கம் சரிச்சு வைச்சு, பென்சிலைச் சற்று மேலே பிடிக்க விட்டால் எழுதின எழுத்து கையில் படாமல் தெரியும். சாதாரணக் கத்தரிக்கோல் வலக்கைக்கு ஏற்றமாதிரிச் செய்தது. இடக்கையால் பிடிச்சால் வெட்டுற கோடு மறைஞ்சு தாள் மடியும். அவன் தாள் வெட்டேக்க அழுததை நாங்கள் ‘குழப்படி’ எண்டு நினைச்சிருந்தோம்.

அடுத்த நாள் அவனுக்கு முன்னால் நாலு பேரும் இருந்து, இடது விரலால் ‘ட’ எழுதினோம். கோணல்மாணலாய் வந்தது. அவன் பார்த்துச் சிரிச்சான். பிறகு தொடைக்குக் கீழே இருந்த கையை எடுத்து எங்கட ‘ட’வைத் திருத்தினான்.

அம்மம்மாவோடு கதைக்கிறதுதான் கஷ்டம். “நீங்கள் பழக்கினால் பழகுவான் அம்மம்மா, ஆனால் பயந்து பழகுவான்” எண்டு சொன்னோம். அவ கனநேரம் பேசேல்லை. கடைசியில், “சாப்பிடுறது மட்டும் வலக்கையால சாப்பிடட்டும்” எண்டா. அதுவே எங்களுக்குப் பெரிய காரியம்.

விஜயதசமியண்டு ஐயர் வலக்கை விரலைப் பிடிச்சுத்தான் அரிசியில் ‘அ’ எழுதுவிச்சார். நாங்கள் குறுக்கே போகேல்லை. அது அவர்களின் வழக்கம், அம்மம்மா ஆசையாய்க் காத்திருந்த நேரமும்கூட. ஐயர் அடுத்த பிள்ளைக்குத் திரும்ப, அவன் தட்டை உள்ளங்கையால் தடவி மட்டமாக்கினான். இடது விரலால் ஒரு ‘ட’ போட்டான். அம்மம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தா. கையைத் தட்டிவிடேல்லை. கடலைச் சரையை மட்டும் வலக்கையில் குடுத்தா.

அடுத்த வருசம் அவன் முதலாம் ஆண்டுக்குப் போவான். அங்கே 30, 35 பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு ரீச்சர் அவன்ர கையை என்ன செய்வாரோ எண்டு நினைக்க இப்பவும் எங்களுக்குப் பயம்தான். உங்கட வீட்டிலும் ஒரு தம்பியோ மருமகளோ இருக்கக்கூடும். இந்தமுறை ஏடு தொடக்க முதல், அந்தப் பிள்ளை பந்து எறியிறது எந்தக் கையால் எண்டு ஒருக்காப் பாருங்கோ.