இருபது மடங்கு போதும்

ஐம்பது மீட்டர் தொலைவில் ஒரு தாளில் விழுந்த ஓட்டையைக் காண்பதற்கு எவ்வளவு செலவாகும் என்ற ஆராய்ச்சி, நாற்பத்தைந்தைக் கடந்த இரண்டு கல்லூரி ஆசிரியர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். வீட்டிலும் கேட்டார்கள், துறையிலும் கேட்டார்கள். நாங்கள் இருவர். ஒருவர் தமிழ், மற்றவர் இயற்பியல். சேலையூரில் அடுத்தடுத்த தெருக்களில் குடியிருப்பவர்கள். எங்களிடம் படித்த மாணவி ஒருத்தி என்.சி.சி.யில் பாயிண்ட் டூ-டூ துப்பாக்கியைத் தொட்டுப் பழகி, பிறகு நகரிலுள்ள ரைபிள் கிளப் ஒன்றில் சேர்ந்து, படுத்தபடி சுடும் ஐம்பது மீட்டர் போட்டிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். தந்தை பெருங்களத்தூரில் ஆட்டோ ஓட்டுபவர். துப்பாக்கி கிளப்புடையது, தோட்டாச் செலவுக்கே வீட்டில் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவளுக்கு ஒரு ஸ்கோப் வாங்கித் தருவதென்று முடிவு செய்தோம்.

அப்போது எங்களுக்குத் தெரிந்த ஸ்கோப், திரைப்படங்களில் துப்பாக்கியின் முதுகில் ஏறியிருப்பதுதான். இரண்டு வாரம் அதைப் படித்தோம். 4×32 என்றால் நான்கு மடங்கு உருப்பெருக்கம், முன் வில்லையின் விட்டம் 32 மில்லிமீட்டர். பெரிய ரைபிள்களுக்கான ஸ்கோப்புகளில் இடமாறு தோற்றப்பிழை பெரும்பாலும் நூறு கஜத் தொலைவுக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் சிறு தோட்டாத் துப்பாக்கிகளுக்கு ஐம்பது கஜத்தையொட்டிச் சரிசெய்ததே ஏற்றது. இவ்வளவையும் கற்றுத் தேர்ந்து அவளிடம் போய்ச் சொன்னோம். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஐயா, அதைத் துப்பாக்கியில மாட்டினா போட்டியிலயே சேர்க்க மாட்டாங்க."

உண்மைதான். ஐம்பது மீட்டர் ரைபிள் போட்டிகளில் துப்பாக்கியின் மேல் தொலைநோக்கி மாட்ட சர்வதேச விதிகளில் இடமில்லை. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே இந்தப் பாயிண்ட் டூ-டூ வகைத் துப்பாக்கியில்தான் வெண்கலம் வென்றார். அதன் மேலும் தொலைநோக்கி இல்லை. பின்னால் ஒரு சிறு துளை, குழல்முனையில் ஒரு வளையம், அவற்றினூடே கரும்புள்ளி. அவ்வளவே. அவளுக்குத் தேவைப்பட்டது துப்பாக்கிக்குப் பக்கத்தில், தனித் தாங்கியில் நின்று, சுட்டபின் குண்டு எங்கே பட்டதென்று காட்டும் ஸ்கோப். பெரிய போட்டிகளில் மின்னணு இலக்குகள் வந்துவிட்டன. அவள் பயிற்சி எடுத்த இடத்தில் இன்னும் தாள்தான்.

இயற்பியல் நண்பர் கணக்குப் போட்டார். மனிதக் கண்ணால் ஐம்பது மீட்டரில் ஏறத்தாழ 14.5 மில்லிமீட்டர் அளவுள்ளதைத்தான் ஒருவாறு பிரித்தறிய முடியும். இலக்கின் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்; குண்டின் விட்டம் 5.6. வெறுங்கண்ணுக்கு அங்கே ஒன்றுமே நிகழ்வதில்லை. கருவி அவசியமென்று தெளிந்து, பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் போட்ட பணத்துக்கு அதிகமாகத் தெரிந்த ஒன்றை வாங்கினோம். இருபது முதல் அறுபது மடங்கு வரை திருகிக்கொள்ளலாம். முன் வில்லை 60 மில்லிமீட்டர். அறுபது என்ற எண்ணிலேயே மயங்கிவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் மாதத்து ஞாயிறு ஒன்றில், முற்பகல் பதினொரு மணிக்கு, மறுநாள் கிளப்பின் தேர்வுச் சுற்று என்ற நிலையில், நாங்கள் அவள் பின்னால் அமர்ந்து அறுபதில் வைத்துப் பார்த்தோம். படம் மங்கலாக, தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளிந்தது. எங்களில் ஒருவர், இதை எழுதுபவர், குண்டுகள் இடப்புறம் விழுகின்றன என்றார். அவள் தலையைத் தூக்காமல், "எனக்கு நடுவுல போன மாதிரிதான் இருந்துச்சு ஐயா" என்றாள். "இல்லையம்மா, இடப்பக்கம்தான்" என்றோம். பின்குறியை நான்கு கிளிக் வலப்புறம் திருப்பிக்கொண்டாள்.

இடப்புறம் தெரிந்தவை குண்டு பட்ட இடங்கள் அல்ல. பழைய ஓட்டைகளின் மேல் ஒட்டியிருந்த கறுப்புத் தாள் துண்டுகளின் விளிம்புகள். மறுநாள் சோதனைச் சுடுதலிலேயே குண்டு வலப்புறம் ஒதுங்குவதை அவள் கண்டிருக்கிறாள். ஐயா சொன்னது தவறாக இருக்காது, இது காற்றாக இருக்கும் என்று எண்ணிக் காத்திருக்கிறாள். முதல் பத்துக் குண்டுகள் அந்த மரியாதையில் போயின. பிறகு தானே திருத்திக்கொண்டாள். இரண்டு புள்ளியில் இடம் கைநழுவியது. எங்களிடம் அவள் ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. தாம்பரம் வரை மின்தொடர் வண்டியில் சன்னலோரம் பார்த்தபடியே வந்தாள். அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

விடை கிடைத்த இடம் பள்ளிக்கரணை. 2022ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்புநிலத்தின் ஓரத்தில், காலை வேளைகளில் முக்காலியும் ஸ்கோப்புமாகப் பறவை பார்ப்பவர்கள் நிற்பார்கள். எங்கள் கருவியும் அவர்கள் கருவியும் ஒன்றே. எங்களுடையதை வாங்கிப் பார்த்த ஒரு பெரியவர், "அறுபது விக்கிறதுக்கு சார், பாக்கிறதுக்கு இருபது" என்றார். காரணமும் சொன்னார். முன் வில்லையின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். அறுபதில் ஒரு மில்லிமீட்டர், இருபதில் மூன்று. பரப்பில் ஒன்பது பங்கு வித்தியாசம். மேலும் வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் கானலையும் சேர்த்தே கருவி பெரிதாக்கும். மலிவான கண்ணாடியில் மடங்கு கூடக்கூடக் குறையும்தான் கூடும். கூடவே, நம் ஊர் ஈரத்தில் வில்லையில் பூஞ்சை படரும், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள் என்றும் சொன்னார்.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. இருபது மடங்கு மட்டும் உள்ள, திருகு எதுவும் இல்லாத ஒன்றைத் தேடினோம். கண் வைக்குமிடம் சாய்வாக இருக்க வேண்டும்; அப்போதுதான் படுத்திருப்பவள் தோள் அசையாமல் தலையை மட்டும் திருப்பிப் பார்க்கலாம். மிச்சப் பணத்தைக் கனமான தாங்கிக்குச் செலவிட்டோம். வாங்குமுன் எங்கள் மொட்டைமாடியில் சோதனை செய்தோம். ஐம்பது மீட்டர் அளந்து, எதிர்வீட்டு நீர்த்தொட்டியில் கறுப்புத் தாளை ஒட்டி, அதில் ஓட்டை போட்டு, பக்கத்திலேயே ஒட்டுத் துண்டும் வைத்துப் பார்த்தோம். விமானப்படைத் தளம் அருகில் இருப்பதால், "வானத்துப் பக்கம் மட்டும் திருப்பிடாதீங்க சார்" என்று அண்டைவீட்டார் எச்சரித்தார். ஓட்டை ஓட்டையாகவும் ஒட்டு ஒட்டாகவும் தெரிந்தது. முந்தையதைவிட விலையும் குறைவு.

பக்கத்து ஊரான குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பாடிய கண்ணப்பர் அன்று நினைவுக்கு வந்தார். இரண்டாம் கண்ணையும் பெயர்க்கப்போகும் வேடன், பார்வை போனபின் இடம் தெரிய வேண்டுமே என்று இறைவனின் கண்ணருகே காலை ஊன்றிக்கொள்கிறான். ஆண்டுதோறும் அதை அன்பின் உச்சமென்று வகுப்பில் சொல்லி வந்திருக்கிறோம். தன் கண் இனி உதவாது என்று தெரிந்த ஒரு வில்லாளி செய்துகொண்ட ஏற்பாடு அது என்று தோன்றியதில்லை. எங்கள் கண் உதவாது என்று ஒப்புக்கொள்ள எங்களுக்கு ஒரு பெண்ணின் இரண்டு புள்ளிகள் தேவைப்பட்டன.

இப்போது அவள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். சுட்டவுடன் குண்டு எங்கே போயிருக்குமென்று முதலில் தன் வாயால் சொல்வாள். அதன் பிறகே ஸ்கோப்பில் பார்ப்பாள். பெரும்பாலும் இரண்டும் பொருந்துகின்றன. கருவி அவள் படுத்திருக்கும் உயரத்துக்கு அமைந்திருப்பதால் நாங்கள் பார்க்க வேண்டுமானால் மண்டியிட வேண்டும். போன ஞாயிறு, "வந்து பாருங்க ஐயா" என்று அவளே அழைத்தாள். முழங்கால் வலியோடு குனிந்து பார்த்தோம். பத்து வட்டத்துக்குள் மூன்று ஓட்டைகள், ஒன்றையொன்று தொட்டபடி.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"நீயே சொல்" என்றோம்.