சிவன் பாட்டைத் தேடி

இசையைத் தேடிச் செல்வோருள் பாடகரைத் தொடர்வோரே மிகுதி. தமக்குப் பிடித்த வித்துவான் எந்த ஊரில் பாடினாலும் அங்கே முன்வரிசையில் அமர்ந்திருப்பர். பாட்டை ஆக்கியவரைத் தொடர்ந்து செல்வோர் சிலரே. நான் அச்சிலருள் ஒருவர். பாடுபவர் எவராயினும், பாட்டு பாபநாசம் சிவன் இயற்றியதாக இருந்தால் அதன் ஒலிப்பதிவு என்னிடம் இருத்தல் வேண்டும் என்னும் வேட்கை, கல்லூரி நாள்களில் தொடங்கி இன்றுவரை தணிந்தபாடில்லை.

போலகம் என்னும் சிற்றூரில் 1890இல் பிறந்தவர் இராமையா. இளமையைத் திருவனந்தபுரத்தில் கழித்தவர். பின்னர்ப் பாபநாசத்தில், உடலெங்கும் திருநீறு பூசி மெய்ம்மறந்து பாடிய அவரைக் கண்ட மக்கள் 'சிவன்' என்றே அழைக்கலாயினர். பெற்றோர் இட்ட பெயர் மறைந்து, மற்றோர் இட்ட பெயர் நிலைத்தது. மயிலாப்பூரில் வாழ்ந்த காலத்தில் மார்கழி விடியலில் கபாலீசுவரர் கோயிலின் நான்கு மாடவீதிகளிலும் பஜனை பாடி வலம்வந்தார். கச்சேரியின் கடைசியில் துக்கடாவாகத் தமிழ்ப்பாட்டு ஒன்றிரண்டு பாடினால் போதும் என்றிருந்த நிலையை எதிர்த்துத் தமிழிசை இயக்கம் எழுந்தது. 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்றியது. கச்சேரியின் நடுவில் வைத்து, நிரவலும் சுவரமும் சேர்த்து விரித்துப் பாடத்தக்க தமிழ்க் கீர்த்தனைகள் உண்டா என்று வினவியோருக்கு அவருடைய பாடல்களே விடையாக நின்றன. அதே ஆண்டுகளில்தான் எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'அசோக்குமார்', 'சிவகவி', 'ஹரிதாஸ்' ஆகிய படங்களுக்கும் அவர் பாட்டெழுதினார். ஆகவே அவருடைய பாடல்களைத் தேடுபவர் சபையின் வாயிலில் மட்டும் நின்றால் போதாது. திரைப்பாட்டுத் தட்டுகளையும் புரட்ட வேண்டும். செவ்விசைக்காரர் சிலர் திரைப்பாட்டைத் தீண்டமாட்டோம் என்பர். அவர்கள் இழப்பது பாதிச் சிவனை.

பழைய இசைத்தட்டு அரக்கினால் ஆனது. அரக்கோடு கல்தூளும் கரியும் கலந்து, சூடாக்கி, அச்சில் அழுத்தி எடுப்பர். ஒரு நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் பாட இயலும். அரைமணி நேரம் ஆலாபனை செய்து பழகிய வித்துவான் அம்மூன்று நிமிடத்திற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம் மூன்றையும் பாடி, இராகத்தின் முகத்தையும் காட்டியாக வேண்டும். எல்லாப் பாட்டும் இந்த நெருக்கடியைத் தாங்குவதில்லை. சிவன் பாட்டு தாங்கும். அவருடைய பல்லவியின் முதற்சொல்லிலேயே இராகம் வெளிப்பட்டுவிடுகிறது. சொற்கள் தாளத்தில் இடறாமல் அமர்கின்றன. டி.கே. பட்டம்மாள் சிவனிடமே நேரில் பாடம் கேட்டவர். அவர் பாடிய 'நானொரு விளையாட்டு பொம்மையா' என்னும் நவரசகன்னட இராகப் பாட்டைக் கேட்டால், ஒரு சொல்லைக்கூட விழுங்காமல் எவ்வளவு விரைவாகவும் பாடலாம் என்பது விளங்கும்.

அதற்கு நேர்மாறானது மதுரை மணி ஐயரின் வழி. கபாலியின் மீது காம்போதி இராகத்தில் அமைந்த 'காணக் கண் கோடி வேண்டும்' என்னும் கீர்த்தனையை அவர் கச்சேரியில் எடுத்துக்கொண்டால், பாட்டு முடிந்த பின்னும் சுவரங்கள் அருவிபோல் இறங்கிக்கொண்டே இருக்கும். அவர் 1968இல் மறைந்தார். இன்று நாம் கேட்டு மகிழ்வனவற்றுள் பெரும்பகுதி, சபைகளிலும் திருமண வீடுகளிலும் சுழல்நாடாப் பதிவுக்கருவியை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த இரசிகர்கள் எடுத்து வைத்தவையே. பதிவின் நடுவே இருமல் கேட்கும், குழந்தை அழும், நாடா முடிந்து சரணம் பாதியில் நின்றுவிடும். தூய்மையான பதிவுகளைவிட அவற்றையே நான் மிகுதியாகக் கேட்கிறேன். ஒரே பாட்டைப் பட்டம்மாள் குரலிலும் மணி ஐயர் குரலிலும் பின்வந்தோர் பலர் குரலிலும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். சங்கதிகள் மாறும்; காலப்பிரமாணம் மாறும்; சிலர் ஒரு சரணத்தையே விட்டுவிடுவர். இத்தனையும் மாறிய பின்பும் மாறாமல் எஞ்சி நிற்கிற ஒன்று உண்டு. அதுவே சிவனுடையது. ஒரு பதிவை மட்டும் வைத்திருப்பவருக்கு அது புலப்படுவதில்லை. ஒரே பாட்டுக்குப் பத்துப் பதிவுகள் எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் மறுமொழியும் இதுதான்.

தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத்தாளில் பாடியவர் பெயர், இராகம், தாளம், படத்தின் பெயர் எல்லாம் இருக்கும். இயற்றியவர் பெயர் பல தட்டுகளில் இராது. கீர்த்தனையானால் 'இராமதாசன்' என்னும் முத்திரையைச் சரணத்தில் தேடலாம். திரைப்பாட்டில் அதற்கும் வழியில்லை. அத்தகைய நிலையில் கைகொடுப்பவை திரையரங்க வாயிலில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்களே. பழைய காகிதக் கடைகளில் அவற்றைத் தேடியே என் விடுமுறைகள் பல கழிந்தன. வட்டத்தாளுக்கு வெளியே, தட்டின் வழவழப்பான விளிம்பில் கீறப்பட்டிருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்வேன். ஒரே பாட்டை ஒரே பாடகர் இருமுறை பதிவுசெய்திருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது அந்த எண்தான்.

பழந்தட்டுகளுக்குப் பெயர்பெற்ற சென்னை மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானது. தீயைவிட அமைதியாக அழிப்பவையும் உள. ஊர் ஒன்றில் முதியவர் ஒருவர் காலமானபின், அவர் ஐம்பது ஆண்டுகள் சேர்த்த தட்டுகளை வீட்டார் எடைக்குப் போட்டுவிட்டனர். செய்தி கேட்டு நான் சென்றபோது, கடைக்காரர் மூட்டையைத் தரையில் சாய்த்துக் காட்டினார். பாதிக்கு மேல் சில்லுகள். வட்டத்தாள்களை மட்டும் படித்துப் பார்த்தேன். வராளியில் ஒன்று, காபியில் ஒன்று. வீட்டாரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. கிராமபோன் இல்லாத வீட்டில் அவை வெறும் சுமைதானே?

இவற்றையெல்லாம்விட என்னை வருத்துவது வேறொன்று. கிராமபோனின் எஃகு ஊசி, தட்டின் பள்ளத்தை உரசித்தான் ஒலியை எழுப்புகிறது. ஒவ்வொரு முறை பாடும்போதும் ஊசியும் தேய்கிறது, பள்ளமும் தேய்கிறது. ஒரு பக்கம் பாடியதும் ஊசியை மாற்ற வேண்டும் என்பர். பள்ளத்தை மாற்ற வழியில்லை. மிகவும் விரும்பப்பட்ட பாட்டே மிகவும் தேய்ந்து கிடைக்கிறது. கரகரவென்ற இரைச்சலுக்கு அப்பால் மெல்லிதாகக் குரல் கேட்கும் தட்டு வந்தால், முன்னர் அதை வைத்திருந்த வீட்டில் யாரோ நாள்தோறும் அதைக் கேட்டிருக்கிறார் என்று பொருள். புதிதுபோல் பளபளக்கும் தட்டில் பெரும்பாலும் யாரும் விரும்பாத பாட்டே இருக்கும்.

இப்போது பலர் தம்மிடமுள்ளவற்றைக் கணினியில் பதிந்து பிறருக்கும் வழங்குகின்றனர். நானும் ஒலிப்பேழைகளை மாற்றி முடித்துவிட்டேன். அரக்குத்தட்டுகளுள் பதினொன்று எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று விளிம்பிலிருந்து உள்நோக்கி மயிரிழையளவு விரிசல் கண்டது. இன்னும் ஒருமுறைதான் அது பாடும் என்று நினைக்கிறேன். இலேசான முள் பொருத்திய கருவியும், அதைக் கையாளத் தெரிந்த நண்பரும் அடுத்த மாதம் வருகின்றனர். அதுவரை அது மேசையின்மேல் உறையிலேயே இருக்கிறது.