“ஒன்னும் நடக்கல சித்தி”

இரவு பதினொன்றரை. தொலைபேசியில் அக்கா மகள். வயது 25, கோலாலம்பூரில் வேலை, தை மாதம் கல்யாணம். “சித்தி, ஆறு நாள் தள்ளிப்போச்சு. ஆனா ஒன்னும் நடக்கல சித்தி, நெசமா” என்று அழுதாள்.

ஒன்றும் நடக்கவில்லை என்றால் அழுகை எதற்கு? மெல்லக் கேட்டேன். மூன்று வாரத்துக்கு முன் மாப்பிள்ளையோடு நெருக்கமாக இருந்திருக்கிறாள். உடலுறவு வரை போகவில்லை. அன்று முதல் சரியாகத் தூங்கவில்லையாம்.

திட்டத்தான் வாய் வந்தது. ஆனால், “அப்படி இருந்தா கர்ப்பமாகுமா சித்தி?” என்று அவள் கேட்டபோது, இரண்டு பிள்ளை பெற்ற எனக்கே பதில் தெரியவில்லை. என் அம்மா சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று: “ஆம்பளப் பசங்க பக்கத்துல உக்காராத.” அதை நம்பி ஆறு மாதம் பள்ளிப் பேருந்தில் நின்றுகொண்டே போனவள் நான்.

மறுநாள் விடுப்பு போட்டு, கிள்ளானில் ஒரு பெண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் முகம் சுளிக்கவில்லை. “விந்து எங்கே பட்டது? அதுதான் கேள்வி” என்றார். முத்தத்தாலோ வாய்வழி உறவாலோ கர்ப்பமாகாது. உடுத்திய துணிமேலோ வயிற்றிலோ பட்டதோடு சரியென்றால் பயமில்லை; காய்ந்தபின் விந்தணு பிழைக்காது. ஆனால் ஈரமான விந்து யோனி வாசலிலேயே பட்டாலோ, விரல்வழி உடனே உள்ளே போனாலோ, வாய்ப்பு குறைவுதான், இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. விந்து வெளிப்படும் முன் கசியும் நீரிலும் சில வேளை விந்தணு இருக்கும். உள்ளே போனது 5 நாள் வரைகூட உயிரோடிருக்கும்.

“கன்னித்திரை தடுக்காதா டாக்டர்?” இதைக் கேட்டது நான்தான்.

“மாதவிலக்கு வெளியே வர வழி இருக்கே அம்மா” என்று சிரித்தார்.

சந்தேகம் வந்த உடனேயே வந்திருந்தால் அவசரக் கருத்தடை மாத்திரை இருக்கிறது. ஒரு வகை 72 மணி நேரத்துக்குள், இன்னொரு வகை 5 நாளுக்குள். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. இவள் பயந்துகொண்டே அந்த நாள்களைக் கடத்திவிட்டாள். சிறுநீர்ச் சோதனையை நம்ப, சம்பவத்திலிருந்து 21 நாள் ஆகியிருக்க வேண்டும் என்றார். அன்று 23ஆம் நாள்.

சோதனையில் கர்ப்பம் இல்லை. மனக்கவலையே மாதவிலக்கைத் தள்ளிப்போடும் என்றார் டாக்டர். நான்கு நாள் கழித்து வந்தது.

திரும்பும் வழியில் தோசைக்கடையில் உட்கார்ந்தோம். “அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சித்தி.” சொல்லவில்லை. அக்கா இதைப் படித்தாலும் தன் மகள் என்று நினைக்கமாட்டாள்.

“அவருக்கும் இதெல்லாம் தெரியாது சித்தி. இன்ஜினியர்தான், ஆனா என்னைவிட அதிகமா பயந்துட்டாரு.” சொல்லிக்கொண்டே டாக்டர் சொன்னதையெல்லாம் வரிவரியாக அவனுக்குத் தட்டச்சு செய்து அனுப்பினாள். இரண்டு முறை என்னிடம் சரிபார்த்தாள். தோசை ஆறிப்போனது.