பதினேழு ஊர்கள்

ஒரு வெள்ளைக் காகிதமும் நன்றாகச் சீவிய பென்சிலும் கிடைத்துவிட்டால் எனக்குப் பாதிப் பிரயாணம் முடிந்த மாதிரி. ஊருக்குப் போவதைவிட, போவதற்குத் திட்டம் போடுவதில்தான் எனக்கு ருசி அதிகம். உங்களில் சிலருக்கும் இந்த வியாதி இருக்கக்கூடும். இருந்தால், மேலே படியுங்கள்.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் என் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை டெலிபோனில் கூப்பிட்டான். "மே மாசக் கடைசியில குழந்தைகளுக்கு ஸ்கூல் லீவு. நீங்களும் அம்மாவும் வாங்க. காரிலேயே அல்சாஸ் போய்ச் சுத்திட்டு வரலாம்" என்றான்.

அல்சாஸ் என்பது பிரான்ஸ் தேசத்தின் கிழக்கு ஓரம். ஒரு பக்கம் ரைன் நதி, மறு பக்கம் வோஜ் மலை. நடுவே மெலிந்து நீண்டு கிடக்கிற சீமை. திராட்சைக்கும் ஒயினுக்கும் பெயர் போனது. இந்தச் செய்தி என் அக்காவின் காதுக்கு எட்டியதும், "பேரன் பேத்தியைக் கூட்டிண்டு கள்ளுக்கடை ஊருக்கா போகப் போறே?" என்று கேட்டாளே பார்க்கலாம்! அங்கே திராட்சை என்பது நம் தஞ்சாவூர் நெல் மாதிரி என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மேற்கிலிருந்து வரும் மழை மேகங்களை வோஜ் மலை தடுத்து நிறுத்திவிடுகிறது. நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலை செய்கிற அதே உபகாரம்தான். அதனால் கிழக்குச் சரிவில் மழை குறைவு, வெயில் நிறைவு, திராட்சை செழிக்கிறது. அக்கா சமாதானம் அடையவில்லை.

நான் காகிதத்தை எடுத்தேன். 1953-ம் வருஷம் அங்கே 'ஒயின் பாதை' என்று ஒரு சாலை வழியை வகுத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். வடக்கே மார்லன்ஹைமில் தொடங்கி, தெற்கே தான் என்ற ஊர் வரை (ஆமாம், ஊரின் பெயரே அதுதான்!) சுமார் 170 கிலோமீட்டர். இவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றியது. சென்னையிலிருந்து விழுப்புரம் தாண்டுகிற தூரம். நான்கு நாளில் பதினேழு ஊர்களை அடக்கிவிட்டேன். ஓபெர்னே ஒன்றரை மணி, ரிபோவில்லே ஒரு மணி, ரிக்வீர் ஐம்பது நிமிஷம், சாப்பாட்டுக்கு நாற்பது நிமிஷம். சிவப்பு மையில் கோடு வேறு.

பிள்ளைக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் பேசினான்.

"அப்பா, 1991-ல நம்ம அம்பாஸிடர்ல மூணு நாளில் பெங்களூர், மைசூர், ஊட்டி எல்லாம் கூட்டிட்டுப் போனீங்களே, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாமல்? எவ்வளவு அருமையான பிரயாணம்!"

"எனக்கு அதுல ஞாபகம் இருக்கிறது உங்க பின்கழுத்துதான்பா. அப்புறம் உங்க வாட்ச். 'ஏறு, ஏறு, நேரமாச்சு.' பிருந்தாவனத்துல விளக்குப் போடறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டோம்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போது அவனுக்கு ஒன்பது வயது. இப்போது என் பேரனுக்கு ஒன்பது வயது. இந்தத் தடவை காரை ஓட்டப்போவது அவன். பின்கழுத்தைப் பார்க்கப்போவது அந்தப் பையன்.

மனைவியிடம் கேட்டேன். "பிருந்தாவனத்தில் நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே. நீங்க அப்ப வாட்சைப் பார்த்திண்டிருந்தேள்" என்றாள்.

மறுநாள் காலை ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊர்களை அழிப்பதைப் போலக் கஷ்டமான காரியம் கிடையாது. ஆனால் நான் கண்டுகொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், உபயோகப்படும். அங்கே ஊருக்கு ஊர் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். இந்தக் கிட்டத்துதான் நம்மை மோசம் செய்வது! பல கிராமங்களில் காரை மதிலுக்கு வெளியே காசு கொடுத்து நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். கல் பாவிய தெரு. என் மனைவியின் முழங்காலோ அவள் சொன்னபடி கேட்பதில்லை. தவிர, மரச்சட்டம் தெரியும் வீடு, ஜன்னலில் பூத்தொட்டி, நடுவில் நீரூற்று, இவை எல்லா ஊரிலும் உண்டு. ஒரே நாளில் நான்கைப் பார்த்தால் மனத்தில் ஒன்றும் நிற்காது.

ஆகவே கோல்மாரில் ஒரே இடத்தில் தங்குவது, தினமும் ஒரு ஊர், மிஞ்சினால் இரண்டு என்று முடிவு செய்தேன். நியூயார்க் சுதந்திர தேவி சிலையைச் செய்த பார்த்தோல்டி 1834-ல் கோல்மாரில் பிறந்தவர். ஊருக்குள் நுழையும் இடத்தில் அந்தச் சிலைக்கு ஒரு சின்னப் பிரதி நிற்கிறது. அது பேத்தியின் பங்கு. கேசர்ஸ்பெர்க் என் பங்கு. ஆப்பிரிக்காவில் ஆஸ்பத்திரி கட்டி நோபல் பரிசு பெற்ற ஆல்பர்ட் சுவைட்சர் 1875-ல் அங்கே பிறந்தார். இந்தியச் சிந்தனையைப் பற்றி அவர் எழுதிய புஸ்தகத்தில் நம் திருக்குறளை மனமாரப் போற்றியிருக்கிறார். அதை எப்படி அழிப்பேன், சொல்லுங்கள்! இதில் ஒரு வேடிக்கை: அவர் பிறந்தபோது அது ஜெர்மனி. 1871, 1918, 1940, 1945 என்று நான்கு தடவை அந்தச் சீமை கை மாறியிருக்கிறது. இருந்த வீட்டை விட்டு நகராத ஒரு கிழவிக்கு ஆயுளுக்குள் நான்கு முறை தேசம் மாறியிருக்கும்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த ஊர் மெல்லிய ரொட்டி அடை பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் வழக்கமாகப் பன்றி மாமிசத் துண்டுகள் தூவியிருக்கும். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். என் மனைவி புளிக்காய்ச்சல் எடுத்துக்கொண்டாள். நெய்ப் பாட்டிலைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். வெளியிலிருந்து பால் பண்டங்களை ஐரோப்பாவுக்குள் கொண்டுவரக் கூடாது. ஒயின்? ஓட்டுகிறவன் தொடக் கூடாது. பிள்ளை திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே எலுமிச்சை சர்பத் குடித்துக்கொண்டே வந்தான், பாவம்.

மூன்றாம் நாள் உனவீர் என்ற குக்கிராமம். திராட்சைக் கொடிகளுக்கு மத்தியில் மதில் சூழ்ந்த மாதாகோயில். கத்தோலிக்கரும் பிராட்டஸ்டண்டுகளும் முந்நூறு வருஷத்துக்கு மேலாக அந்த ஒரே கோயிலில் தொழுகிறார்கள். 1970-களில் அல்சாஸில் நாரைகள் அநேகமாக மறைந்தே போயின. 1976-ல் இந்த ஊரில் ஒரு நிலையம் வைத்து வளர்த்து, மறுபடி பெருக்கினார்கள். இன்று கூரைக்குக் கூரை கூடு.

ஒரு வீட்டுக் கூரையில் தாய் நாரை ஒற்றைக் காலில் நின்றது. கூட்டிலிருந்து இரண்டு குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. மதில் ஓரத்தில் நாங்கள் உட்கார்ந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. பிள்ளைதான் கேட்டான்:

"அப்பா, ரிபோவில்லே போகணுமே, கிளம்பலாமா?"

பேரன் என் முகத்தைப் பார்த்தான்.

"இருடா, அப்பா நாரை இன்னும் வரலையே" என்றேன்.