டாங்க் நிறைய பெட்ரோல்... மலைப் பாதையில் பட்டினி!

வத்தல்மலை என்றதும் மிளகாய் வத்தல் காயப்போட்ட மொட்டைப் பாறை ஒன்று உங்கள் மனக்கண்ணில் தோன்றினால், உடனே அழித்துவிடுங்கள். மேலே காப்பி விளைகிறது ஸார்! மிளகு விளைகிறது. கேழ்வரகு, சாமை விளைகிறது. காப்பிச் செடிக்கு நிழல் கொடுக்க சில்வர் ஓக் மரங்கள் போலீஸ் பரேடு மாதிரி விறைப்பாக நிற்கின்றன. தர்மபுரி டவுனில் ஃபேனைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி இப்படி ஒரு ஜிலுஜிலு ஊர் இருப்பதை ஏனோ வெளியே சொல்வதில்லை.

கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு துண்டு இது. பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு, ஒன்றிக்காடு என்று சின்னச் சின்ன ஊர்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். (கேரளத்து மலையாளி அல்ல. சேர்வராயன் மலையிலும் கல்வராயன் மலையிலும் இருக்கிறார்களே, அவர்கள்.) கொண்டை ஊசி வளைவுகள் இருபதுக்கு மேல். அரசு பஸ் மேலே ஏறியது 2022-ல்தான். ஆகவே, இந்த மலையின் நிஜமான போக்குவரத்துக் கழகம் எது என்று கேட்டால், டூ வீலர்!

அதுவும் எப்பேர்ப்பட்ட டூ வீலர்கள்! டவுனில் காயலான் கடைக்காரர் எடை போட்டு வாங்கும் வயதில் உள்ளவையெல்லாம் இங்கே மூட்டை சுமந்துகொண்டு ஏறுகின்றன. இதில் ஒரு மண் பாசமும் உண்டு. டி.வி.எஸ். 50 வெளிவந்தது 1980-ல். இண்ட்-சுஸுகி வந்தது 1984-ல். இரண்டும் ஓசூர்த் தயாரிப்பு. கிருஷ்ணகிரி 2004-ல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஓசூரும் தர்மபுரி மாவட்டம்தானே? சொந்த ஜில்லாப் பிள்ளைகள் சொந்த மலையை ஏறுகின்றன!

நானும் நண்பனும் போனது அப்படி ஒரு பழைய 100 சி.சி. டூ ஸ்ட்ரோக் வண்டியில். நண்பனுடைய வண்டி. கம்பெனி பேர் வேண்டாம். என்னைவிட இரண்டு வயது இளையது என்பதோடு நிறுத்திக்கொள்வோம். டவுனிலிருந்து அடிவாரம் வரை கல்யாணக் குதிரை மாதிரி வந்தது. ஏழாவது வளைவில் 'புர்... புர்ர்...' என்று இருமி, படுத்துவிட்டது.

டாங்க்கை ஆட்டிப் பார்த்தோம். சளக் சளக். பாதிக்கு மேல் பெட்ரோல். பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். நீலப் பொறி பளிச்சென்று வந்தது. இரண்டு நிமிஷம் கழித்து ஒரே உதையில் ஸ்டார்ட்! முந்நூறு மீட்டர் போனது. மறுபடி 'புர்ர்'. மறுபடி இரண்டு நிமிஷம். மறுபடி ஸ்டார்ட். இப்படியே நாலு தடவை.

அப்போது டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் இரண்டு மூட்டையோடு ஒருவர் ஏறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். காது மடலில் பீடி.

"இன்னா சார், நின்னு நின்னு போவுதா?"

"ஆமாங்கண்ணா."

"கீழ ரோட்டுல நல்லா ஓடுச்சா?"

"சூப்பரா ஓடுச்சு."

"அப்ப எண்ணெய் எறங்கல" என்றார். நாடி பிடித்த வைத்தியர் தோற்றார்!

பீடியை எடுத்துத் தன் வண்டிப் பையில் வைத்துவிட்டு வந்தார். எஞ்சின் ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் உட்கார வைத்தார். பிறகு மூன்றே சோதனை. முதலில் டாங்க் மூடியைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டார். "ஸ்ஸ்னு காத்து உள்ளே இழுத்தா மூடி ஓட்டை அடைச்சிருக்குன்னு அர்த்தம். காத்து உள்ளே போனாத்தான சார் எண்ணெய் வெளியே வரும்?" சத்தமில்லை. மூடி பாஸ்!

அடுத்து, கார்புரேட்டரில் சொருகியிருந்த டியூபை உருவி, காலி தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டு, பெட்ரோல் காக்கைத் திறந்தார். நூல் மாதிரி ஒழுகியது. மூன்றாவதாக, நடுவில் மாட்டியிருந்த ஃபில்டருக்கு முன்னாலேயே டியூபைக் கழற்றி விட்டார். குழாயடி மாதிரி கொட்டியது! ஃபில்டரை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். உள்ளே இருந்த காகிதம் செம்மண் நிறத்தில் இருந்தது. டாங்க்கின் உள் துரு அத்தனையும் அங்கே மாநாடு போட்டிருந்தது.

"இது காருக்குப் போடற பேப்பர் ஃபில்டர் சார். காருக்குப் பம்பு இருக்கு, தள்ளிவிடும். இந்த வண்டிக்குப் பம்பு ஏது?"

நான் பி.காம். எனக்கு டெபிட், கிரெடிட் தெரியும், கார்புரேட்டர் தெரியாது. ஆனால் அவர் சொல்லச் சொல்ல, இது எங்கள் சப்ஜெக்ட் ஆயிற்றே என்று தோன்றிவிட்டது! கேளுங்கள். பழைய பைக்கில் டாங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. நடுவில் ஒரு முழ உயரம்கூட இருக்காது. அந்த உயர வித்தியாசம் ஒன்றுதான் பெட்ரோலைக் கீழே தள்ளுகிறது. கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம். அதில் ஒரு மிதவை. பெட்ரோல் குறைந்தால் மிதவை இறங்கி வழி விடும். நிறைந்தால் ஏறி அடைக்கும். எங்கள் கணக்குப் பாஷையில் இது பெட்டி கேஷ். செலவான அளவுக்கு ஹெட் ஆபீஸ் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

சமவெளியில் ஆக்ஸிலேட்டரைக் கால்வாசி திருகினால் போதும். செலவு குறைவு. நூல் மாதிரி வரும் வரவே சரிக்கட்டிவிடும். மலையில் முழுசாக முறுக்குகிறோம். செலவு பல மடங்கு. வரவோ அதே நூல்! கிண்ணம் காலி, வண்டி அவுட். நின்ற இரண்டு நிமிஷத்தில் கிண்ணம் நிரம்பிவிடும். மறுபடி முந்நூறு மீட்டர். சொத்து கோடிக்கணக்கில், கையில் சில்லறை இல்லை என்று சில கம்பெனிகள் திவாலாகுமே, அதே கதை! டாங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்பது பேலன்ஸ் ஷீட். டியூபில் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் பிழைப்பு.

இதில் ஆபத்தான சங்கதி ஒன்றும் உண்டு. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றும் பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனியாக எண்ணெய்க் குளியல் கிடையாது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. சூடு ஏறுகிறது. அப்படியே முறுக்கிக்கொண்டு போனால் பிஸ்டன் ஜாம். பில்லைப் பார்த்தால் நமக்கு ஹார்ட் ஜாம்.

இன்றைக்குப் புதுசாக ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் சில பங்க்குகளில் அறிமுகமாகி, 2025-ல் பரவலாகிவிட்டது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். தண்ணீர் துருவை வளர்க்கும். டாங்க்கில் வருஷக்கணக்காக ஒட்டிக் கிடந்த பிசினைக் கரைத்துக் கீழே அனுப்பும். பழைய காலத்து ரப்பர் டியூபையும் வாஷரையும் உப்பவும் வைக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபிறகு, புதிய பைக்குகள் பெரும்பாலும் டாங்க்குக்குள்ளேயே பம்ப்போடு வருகின்றன. தாத்தா வண்டிகளுக்கு அந்த யோகமில்லை. எனவே அவற்றுக்கு டியூபையும் ஃபில்டரையும் அடிக்கடி பார்ப்பது தவிர வேறு மார்க்கமில்லை.

மனிதர் ஃபில்டரை எடுத்துவிட்டு, டியூபை நேராகக் கார்புரேட்டரில் சொருகினார். "காக்குக்குள்ள சல்லடை இருக்கு, ஊர் போய்ச் சேர அது போதும். டவுனுக்குப் போனதும் நைலான் சல்லடை வெச்ச சின்ன ஃபில்டரா வாங்கி மாட்டுங்க. மேல அம்புக்குறி போட்டிருப்பான், அது கார்புரேட்டரைப் பாக்கணும். டாங்க்கையும் கழுவிடுங்க." பாட்டிலில் பிடித்த பெட்ரோலைச் சொட்டு விடாமல் டாங்க்கில் திரும்ப ஊற்றினார்.

"எங்கண்ணா கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

மூட்டையின் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார். ரோடு மோசமாக இருந்த காலம். அவருடைய அம்மாவுக்கு நள்ளிரவில் இழுப்பு. வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் மருந்து வாங்கிவிட்டார். திரும்பும்போது பாதி மலையில் வண்டி இதேபோல் நின்று நின்று... கும்மிருட்டில் தள்ளிக்கொண்டே ஏறியிருக்கிறார்.

"எறங்கறதுக்கு எண்ணெய் வேணாம் சார், வண்டி தானா உருளும். மாத்திரையை வாங்கிக்கிட்டு ஏறி வரணுமே, அதுக்குத்தான் எண்ணெய்."

"அம்மா?"

"விடியறதுக்குள்ள வந்துட்டேன். அப்புறம் ஏழு வருசம் இருந்தாங்க." அன்றிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை ஃபில்டரைக் கழற்றிப் பார்த்துவிடுவாராம். சர்வீஸ் புத்தகத்தில் இல்லாத கணக்கு. ஆனால் மறக்காத கணக்கு!

அந்த மலை மொத்தத்துக்குமே இதுதான் கதை என்று அப்புறம் நினைத்துக்கொண்டேன். மேலே காப்பியும் மிளகும் உழைப்பும் டாங்க் நிறைய இருந்தன. கீழே இறங்கும் வழிதான் நூலாக இருந்தது. தார் ரோடும் பஸ்ஸும் வந்து இப்போது கொஞ்சம் தாராளமாக இறங்குகிறது.

மீதி வளைவுகளை வண்டி முணுமுணுக்காமல் ஏறியது. உங்கள் வீட்டிலும் அப்பா ஓட்டிய பழைய பைக் இருந்தால், மலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், எஞ்சின் ஆறினபிறகு, பக்கத்தில் தீக்குச்சி இல்லாமல், ஒரு பாட்டிலில் டியூபை விட்டுப் பாருங்கள். கொட்டினால் கிளம்புங்கள். நூலாக வந்தால் ஃபில்டரை மாற்றுங்கள். அதன் விலை ஒரு சினிமா டிக்கெட்டைவிடக் குறைவு.

மேலே ஒரு வீட்டுத் திண்ணையில் அந்த மலையிலேயே விளைந்த காப்பியைக் கொடுத்தார்கள். வெள்ளைத் துணியில் வடிகட்டியது. டம்ளர் விளிம்பு வரை தாராளமாக இறங்கியிருந்தது. அந்த ஃபில்டரில் அடைப்பே இல்லை!